நடுக்குவாதம் நம் நாட்டில் எத்தனை பேருக்கு?
வாசகர் கேள்வி – பதில்

ஏப்ரல் 11 உலகப் பார்க்கின்சன் தினம் (நடுக்குவாதத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர்தான் பார்க்கின்சன்) என்று போன இதழில் அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்சாப் செய்திகளும் அந்தக் குறிப்பைவிடப் பல மடங்கு நீளம். ஆகவே இந்த முறை சர்க்கரை, முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் விடுமுறை.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்): மலேசியாவில் பார்க்கின்சன் நோயாளிகள் 15,000 பேர் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். இன்னொன்றில் 20,000 என்று போட்டிருந்தார்கள். என் நண்பர், "அதெல்லாம் சும்மா, இன்னும் அதிகம் இருக்கும்" என்கிறார். எதை நம்புவது?

உங்கள் நண்பர் விவரமானவர். அந்த இரண்டு எண்களும் மதிப்பீடுகள்தான். யாரும் பெர்லிசிலிருந்து சபா வரை வீடு வீடாகப் போய் எண்ணி எழுதியவை இல்லை. ஆனால் அவற்றைத் தூக்கிப் போடவும் வேண்டாம், எப்படி வந்திருக்கும் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்த நோய்க்கு வயசுதான் எல்லாம். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2014-ல் ஒரு கணக்கு வெளியானது. நாற்பதுகளில் இருக்கும் ஒரு லட்சம் பேரை எடுத்தால் அதில் 41 பேருக்கு பார்க்கின்சன் இருக்கிறது. ஐம்பதுகளில் 107, அறுபதுகளில் 428, எழுபதுகளில் 1,087, எண்பது தாண்டியவர்களில் 1,903. ஏறுகிற வேகத்தைப் பாருங்கள். அதனால் "ஒரு நாட்டில் எத்தனை பேர்" என்ற கேள்வியே பாதிக்கு மேல் "அந்த நாட்டில் கிழவர்கள் எத்தனை பேர்" என்ற கேள்விதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாம் 3 கோடியே 24 லட்சம் பேர், அதில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் கொஞ்சம் குறைவு, அதாவது சுமார் 22 லட்சம். இவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்று வைத்தாலே 22,000 வந்துவிடுகிறது. ஐரோப்பாவில் ஐந்து சமூகங்களில் ஆராய்ந்து 1997-ல் வெளியிட்ட கணக்கின்படி 65 தாண்டியவர்களில் நூற்றுக்கு 1.6 பேர், அதையே இங்கே போட்டால் 35,000. ஆக 15,000 என்பது அடித்தட்டு எண் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அந்த ஐரோப்பிய ஆய்வில் என்னை உறுத்திய விஷயம் வேறு. நோய் இருப்பதாகக் கண்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அதற்கு முன்னால் யாருமே நோயைச் சொல்லவில்லை. ஆய்வுக்காரர்கள் தேடிப் போனதால்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் பார்த்து எண்ணுவது, பாயான் லெப்பாஸ் மீனவர் வலையில் விழுந்ததை எண்ணிவிட்டு கடலில் மீன் இவ்வளவுதான் என்று சொல்வதைப் போல.

விடுபடுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? வீட்டில்தான், நம் கண் முன்னால். அப்பா சட்டைப் பொத்தான் போட முன்பு அரை நிமிஷம், இப்போது ஐந்து நிமிஷம். நடக்கும்போது ஒரு கை ஆடாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கோயில் ரசீதுப் புத்தகத்தில் எழுதுகிற கையெழுத்து வரி முடிவதற்குள் பொடிப்பொடியாகச் சுருங்கிவிடுகிறது. பேரப்பிள்ளை வந்து மடியில் ஏறினாலும் முகத்தில் சிரிப்பைக் காணோம். எல்லாரும் சேர்ந்து "வயசாயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும் என்பது பலருக்குத் தெரியாது. கை நடுங்கினால்தான் டாக்டரிடம் போவோம் என்று காத்திருந்தால் அந்த மாதிரி ஆள்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு): எங்கள் அடுக்குமாடியில் மூன்று சீனப் பெரியவர்களுக்கு இந்த நோய் இருக்கிறது, இந்தியர் ஒருவருக்கும் இல்லை. இது சீனர்களுக்குத்தான் அதிகம் வருமா?

ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி என்றால் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் சீனர்களாகத்தானே இருப்பார்கள் ஐயா! அந்த மூன்று பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி, அதற்குப் பக்கத்து நாட்டில் பதில் இருக்கிறது. சிங்கப்பூரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட சுமார் 15,000 பேரிடம், சீனர் மலாய்க்காரர் இந்தியர் என்று மூன்று இனத்தாரிடமும், விசாரித்துச் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். வயதுக்கு ஏற்பச் சரிசெய்த பிறகு சீனர்களில் நூற்றுக்கு 0.33, மலாய்க்காரர்களில் 0.29, இந்தியர்களில் 0.28. பார்க்க வித்தியாசம் போலத் தெரிகிறதே என்றால், புள்ளிவிவரக் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. மூன்று பேருக்கும் ஒரே மாதிரிதான்.

இதில் சுவாரசியம் என்னவென்றால், உள்ளே இருக்கும் மரபணுக் காரணங்கள் மட்டும் இனத்துக்கு இனம் மாறுகின்றன. எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் இருக்கும் சில மாற்றங்கள் கிழக்காசியர்களிடம், சீனர்கள் உட்பட, காணப்பட்டு நோய் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகின்றன. அதே மரபணுவின் வேறொரு மாற்றம் வட ஆப்பிரிக்க அரபுகளிடமும் யூதர்களில் ஒரு பிரிவினரிடமும் அதிகம்.

இந்தியாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்துக்கொண்டு "இந்தியர்களுக்கு அதிகம்" என்று வாட்சாப்பில் ஒருவர் சுற்ற விட்டிருக்கிறார். பம்பாயில் பார்சிக்காரர்கள் குடியிருக்கும் காலனிகளில் 1980களில் வீடு வீடாகப் போய் எண்ணினார்கள்; ஒரு லட்சத்துக்கு 328 பேர் என்று வந்தது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக அதிகமான எண்களில் அது ஒன்று. அதே இந்தியாவில், காஷ்மீரில் எண்ணியபோது ஒரு லட்சத்துக்கு 14 சொச்சம்தான். என்ன மாயம்? பார்சிகள் குறைவாகப் பிள்ளை பெற்று நெடுநாள் வாழ்கிற சமூகம், அந்தக் காலனிகள் முழுக்கப் பெரியவர்கள். வயதை ஈடுகட்டிக் கணக்கிட்டால் அந்த 328 நன்றாக இறங்கிவிடுகிறது. வயது பார்க்காமல் போட்ட எண்ணை இன்னொரு ஊர் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. வாட்சாப் அண்ணனுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

கேள்வி (நிபோங் திபால், பினாங்கு): என் அம்மாவுக்கு வயது 68. முப்பது வருஷம் செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை பார்த்தவர். இப்போது பார்க்கின்சன் என்கிறார்கள். அந்த மருந்தால்தான் வந்ததா? அவரோடு வேலை செய்த இன்னொரு அக்காவுக்கும் கை நடுங்குகிறது.

இந்தக் கடிதம்தான் இந்த முறை என்னை நெடுநேரம் உட்கார வைத்தது, தங்கச்சி.

தோட்டத்தில் மருந்து அடித்த பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதுகில் பம்பு, அதன் வாரில் கசிந்து சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். முகத்தில் ஒரு பழைய துணி. வெயிலில் கையுறை போட்டால் கை வெந்துவிடும் என்று கழற்றி இடுப்பில் சொருகியிருப்பார்கள். அந்த வேலைக்குப் பெரும்பாலும் நம் பெண்கள்தான் போனார்கள். அவர்கள் அடித்த களைக்கொல்லிகளில் முக்கியமான ஒன்று பாராகுவாட். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், பெண் தொழிலாளர் உரிமைக்குப் போராடும் தெனாகனித்தா அமைப்பும் இதை எதிர்த்து வருஷக்கணக்காகக் குரல் கொடுத்தார்கள். அரசாங்கம் 2002-ல் தடை செய்வதாக அறிவித்தது, 2006-ல் அந்தத் தடையைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. உங்கள் அம்மாவின் வேலைக்காலம் இந்த இழுபறி முழுவதையும் விழுங்கியிருக்கும்.

சரி, பார்க்கின்சனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 1982-ல் கலிபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று சிலை மாதிரி விறைத்துப் போனார்கள். எண்பது வயதுக்காரருக்கு வர வேண்டியது இருபது முப்பது வயதில் வந்திருந்தது. லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துருவிப் பார்த்ததில், அந்தக் கள்ளச் சரக்கில் எம்பிடிபி என்ற பொருள் தவறுதலாகக் கலந்திருந்தது. அது மூளையில், உடம்பின் அசைவை நடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களைத் தேடிப் பிடித்து அழிக்கிறது; பார்க்கின்சனில் அழிவதும் இதே செல்கள்தான். எம்பிடிபி உடம்புக்குள் போய் மாறும் வடிவத்தின் வேதியியல் அமைப்பும் பாராகுவாட்டின் அமைப்பும் பார்க்க உடன்பிறப்பு மாதிரி இருக்கும். அங்கிருந்துதான் சந்தேகம் கிளம்பியது. 2011-ல் அமெரிக்காவில் பண்ணைகளில் பூச்சிமருந்து அடிப்பவர்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், பாராகுவாட் பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று தெரிந்தது.

இரண்டரை மடங்கு என்பது பயமுறுத்தும் எண், ஆனால் அதை நிதானமாகப் படிக்க வேண்டும். வாழ்நாளில் நூறு பேரில் இரண்டு பேருக்கு வரக்கூடிய நோய் ஐந்து பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அடித்த தொண்ணூற்றைந்து பேருக்கு வரவே இல்லை, மருந்தைத் தொடாத இரண்டு பேருக்கு வந்துவிட்டது. அதனால் உங்கள் அம்மா ஒருவரைக் காட்டி "இதனால்தான்" என்று எந்த டாக்டராலும் சத்தியம் பண்ண முடியாது. "இதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது" என்று கையைக் கழுவுகிறவர் சொல்வதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அம்மா எந்தத் தோட்டத்தில், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, வாரத்தில் எத்தனை நாள், என்னென்ன மருந்து அடித்தார் என்பதை அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்து மருத்துவக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். நம் ஆஸ்பத்திரிகளில் "தொழில்" என்ற இடத்தில் "இல்லத்தரசி" அல்லது "ஓய்வு பெற்றவர்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், தோட்டமே மறைந்துவிடுகிறது. அந்த அக்காவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்): எனக்கு 45 வயது. டீ கிளாசைத் தூக்கினால் கை நடுங்குகிறது. எனக்கும் பார்க்கின்சனா?

கிளாசைத் தூக்கும்போது நடுங்கி, கையை மடியில் சும்மா வைத்திருக்கும்போது நின்றுவிடுகிறது என்றால், அது அநேகமாக வேறு சமாசாரம். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் நேர்மாறு: கை ஓய்ந்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எதையோ உருட்டுவது போல ஆடும், ஒரு பொருளை எடுக்கப் போனால் அடங்கும். நீங்கள் சொல்வது மாதிரியான நடுக்கம் பார்க்கின்சனைவிட எவ்வளவோ அதிகம் பேருக்கு இருக்கிறது, குடும்பத்தில் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ இருந்திருக்கும், விசாரியுங்கள். தைராய்டையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

அப்புறம், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லையே? தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், சின்னாரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, மனநோய்க்கான சில மாத்திரைகள், இவையெல்லாம் நெடுநாள் சாப்பிட்டால் அச்சு அசலாகப் பார்க்கின்சன் மாதிரியே காட்டும். தலைசுற்றல் மாத்திரையை வருஷக்கணக்காக மிட்டாய் மாதிரி போடுகிற பெரியவர்கள் நம்மிடையே நிறைய. நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, ஜோர்ஜ்டவுன்): பார்க்கின்சன் தவிர இந்த வகையில் வேறு நோய்கள் உண்டா? சொந்தத்தில் கல்யாணம் செய்தால் வரும் என்கிறார்களே?

உண்டு, ஆனால் அவை அபூர்வம். கண்ணை மேலும் கீழும் நகர்த்த முடியாமல் அடிக்கடி பின்பக்கமாக விழவைக்கும் பிஎஸ்பி, ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் சேர்த்துக் குழப்பும் எம்எஸ்ஏ, இரண்டும் ஒரு லட்சத்துக்கு ஐந்து பேர் அளவில்தான். முதல் சில வருஷம் இவையும் பார்க்கின்சன் என்றே பெயர் வாங்கிக்கொண்டு திரியும், அதனால் அந்தக் கணக்கிலும் கொஞ்சம் கலப்படம் உண்டு.

கைகால் தானாகத் துள்ளி ஆட, மனமும் தடுமாறும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் வேறு கதை. ஐரோப்பா, வட அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கு ஐந்தாறு பேர், ஆசியாவில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக்கரைக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாக இருக்கிறது. அங்கே போய் ரத்த மாதிரி சேகரித்ததுதான் 1993-ல் அதன் மரபணுவைக் கண்டுபிடிக்க உதவியது. பிலிப்பைன்சில் பனாய் தீவு ஆண்களுக்கு மிகுதியாக வரும், உடம்பை முறுக்கிப் பார்க்கின்சன் மாதிரி காட்டும் வேறொரு பரம்பரை நோயும் உண்டு. இந்த வகை நோய்களுக்கு "நாட்டின் சராசரி" என்பதே வெறும் எண். ஒரு தீவில், ஒரு சமூகத்தில் குவிந்து கிடக்கும், மற்ற இடத்தில் தேடினாலும் கிடைக்காது.

மாமன் மகள், அக்காள் மகள் கல்யாணத்துக்கு வருவோம். பார்க்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை, அதனால் அதன் பழியைச் சொந்தக் கல்யாணத்தின் மேல் போட வேண்டாம். ஹண்டிங்டன் தாய் தந்தை ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதற்குச் சொந்தம் தேவையே இல்லை. ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் பிடிக்கும் நோய்களுக்குச் சொந்தக் கல்யாணம் வழி திறந்துவிடும். வில்சன் நோய் அப்படி ஒன்று. உடம்பில் செம்பு தேங்கி கல்லீரலும் மூளையும் கெடும், பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும், படிப்பு சரியும். பெற்றோர் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் செம்பை வெளியேற்றும் மாத்திரையால் அந்தப் பிள்ளை சாதாரண வாழ்க்கை வாழலாம். சின்ன வயதில் யாருக்கு நடுக்கம் வந்தாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி (பட்டர்வொர்த்): கோப்பி குடிக்கிறவர்களுக்கும் சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் பார்க்கின்சன் வராதாமே?

வராது என்று இல்லை, குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், காரணம் இன்னும் தகராறில் இருக்கிறது. கோப்பியைக் குடியுங்கள், சீனியைக் குறைத்து. சிகரெட்டுக்கு என்னிடம் சீட்டு எழுதி வாங்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி (கிள்ளான்): எங்கள் தாத்தா காலத்தில் இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்லை. இப்போது ஏன் இவ்வளவு?

நோய் பழசு. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஆறு பேரைப் பற்றி எழுதினார், அதில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. தாத்தா காலத்தில் தோட்டத்து லயத்தில் எழுபதைத் தொட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். நோய் வருகிற வயது வருவதற்குள் மலேரியாவோ காசமோ கொண்டுபோயிருக்கும்.

உலக அளவில் 1990-ல் 25 லட்சம் பேருக்கு இருந்தது 2016-ல் 61 லட்சமாகியது. ஜனத்தொகை பெருகியது, ஆயுள் நீண்டது, முன்பைவிட அதிகம் பேருக்கு நோயைக் கண்டுபிடிக்கிறார்கள், நோய் வந்தவர்களும் மருந்து இருப்பதால் பத்து இருபது வருஷம் வாழ்கிறார்கள். இதில் கடைசிக் காரணத்தை மறந்துவிடக் கூடாது: நோயாளிகளின் எண்ணிக்கை கூடுவதில் ஒரு பகுதி நல்ல செய்தி. இவையெல்லாம் போக, ரசாயனமும் காற்று மாசும் கொஞ்சம் கூட்டுகின்றன என்று சந்தேகிக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம்): அப்பாவுக்கு நோய் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று அம்மா கண்டிப்பாக இருக்கிறார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். அப்பா விசேஷங்களுக்கே வருவதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று மருந்துக்கடையில் நாட்டு மருந்து வாங்குகிறார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் சொல்ல உங்களிடம் நேரான பதில் இருக்கிறது: வயதான பிறகு வந்த நோய், இது பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் போவதில்லை. அம்மாவிடமும் இதையே சொல்லுங்கள், கோபப்படாமல்.

நாட்டு மருந்தில் பூனைக்காலி விதை இருந்தால் அதில் நிஜமாகவே லெவோடோபா இருக்கிறது, டாக்டர் கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் அதுதான். சிக்கல் என்னவென்றால் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், அப்பா ஒரு நாள் ஓடுவார், மறுநாள் கட்டிலை விட்டு எழமாட்டார்.

முதலில் பக்கத்தில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அங்கிருந்து சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவுதான். போவதற்கு முன் அப்பா நாற்காலியிலிருந்து எழுவதையும், நடந்து போய்த் திரும்புவதையும், ஒரு வரி எழுதுவதையும் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் பல பேர் விறைப்பாக நின்று நன்றாக நடந்து காட்டிவிடுவார்கள். நாட்டு மருந்துப் பொட்டலத்தையும் கொண்டுபோங்கள், திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். மாத்திரை தொடங்கினால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள், குமட்டினால் மட்டும் இரண்டு பிஸ்கட்டோடு. கோலாலம்பூர் பக்கம் என்றால் மலேசியப் பார்க்கின்சன் நோய் சங்கம் அங்கேதான் இருக்கிறது, அதே நோய் உள்ளவர்களோடு அப்பா பழக ஒரு இடமாக இருக்கும், அங்கே யாரும் யாருடைய கையையும் முறைத்துப் பார்க்க மாட்டார்கள். தங்கையின் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை அனுப்புங்கள்.